வட ஆற்காட்டு உடை என்று கண்காட்சியில் எதை வைப்பது? பொம்மைக்கு எப்படிக் கட்டுவது?

பாலாற்றங்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் ஒரு கல்லூரியில் பொங்கலை ஒட்டி மாணவர்கள் கண்காட்சி வைக்கிறார்கள். அதில் "நம்ம பக்கத்து உடை" என்று ஓர் அறை. துணிக்கடையில் நிற்கிற மாதிரி ஐந்து பொம்மைகள், இரண்டு மேசை, ஒரு பெரிய சுவர் கிடைக்கும். செலவுக்கு 15,000 ரூபாய்.

பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்த பட்டியலில் பெண் பொம்மைகளுக்கெல்லாம் காஞ்சிபுரம் பட்டு, ஆண் பொம்மைகளுக்கெல்லாம் வெல்க்ரோ வைத்த ரெடிமேட் வேட்டி. இதையே மதுரையில் வைத்தாலும் கோவையில் வைத்தாலும் பொருந்தும். வேலூர் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் ஒன்றாக இருந்த பழைய வட ஆற்காட்டுக்கு என்றே சொல்லக்கூடிய உடை எது? அதை எப்படிப் பார்த்து வாங்குவது, பொம்மைக்கு எப்படிக் கட்டுவது? பின்கொசுவம் (மடிப்பு முதுகுப் பக்கம் வருகிற சேலைக்கட்டு) கட்டத் தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் பெரிய உதவி. 1806 சிப்பாய்ப் புரட்சியையும் இதில் சேர்க்கலாமா என்று ஒரு மாணவி கேட்கிறாள். தலைப்பாகையால் வந்த சண்டைதானே அது.

தறிக்குழி பதில்:

முதல் பொம்மைக்கு லுங்கி கட்டுங்கள். வீட்டில் கட்டுவது, விசேஷத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட வேண்டாம். பட்டுக்குக் காஞ்சிபுரம் எப்படியோ, கைத்தறி லுங்கிக்குக் குடியாத்தம் அப்படி. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று காப்பாற்றி வைத்திருக்கிற 11 வகைத் துணிகளில் லுங்கியும் ஒன்று. இதைச் சுவரில் எழுதுங்கள், பார்க்கிறவர்களில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

கடையில் "மூட்டாதது" என்று கேட்டு வாங்குங்கள். மூட்டியதை வாங்கினால் துணியின் இரண்டு முனையும் தையலுக்குள் போய்விடும், பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது. நீளம் 2 மீட்டர், உயரமான பொம்மையாக இருந்தால் 2.25 மீட்டர். நூல் நம்பர் கேளுங்கள். 40, 60, 80, 100 என்று ஏற ஏற நூல் மெல்லிசாகும், துணி வழவழப்பாகும். கண்காட்சிக்கு 60ஆம் நம்பர் போதும். 100 பொம்மைமேல் வழுக்கும், 40 தடிப்பாக நின்று மடிப்பு விழாது.

கட்டம் அச்சடித்ததா, நெய்ததா என்று பார்க்க எளிய வழி, ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவிப் பாருங்கள். நூலுக்குச் சாயம் போட்டு நெய்த லுங்கியில் அந்த இழை முனையிலிருந்து முனை வரை ஒரே நிறமாக இருக்கும். அச்சடித்ததில் இழையிலேயே விட்டுவிட்டு நிறம் மாறும். துணியைத் திருப்பினால் பின்பக்கம் வெளுத்தும் தெரியும்.

கைத்தறியா விசைத்தறியா என்பதற்குக் கரையைப் பாருங்கள். நெய்யும்போது துணி உள்ளே சுருங்கிவிடாமல் இழுத்துப் பிடிக்க அகலவாட்டில் ஒரு குச்சி வைப்பார்கள், அதன் இரண்டு முனையிலும் முள் இருக்கும். கொஞ்சம் நெய்ததும் குச்சியைப் பிடுங்கி முன்னால் குத்துவார்கள். அதனால் கைத்தறியில் கரையோரம் சின்னச் சின்னத் துளைகள் இடைவெளி விட்டு விட்டு இருக்கும். விசைத்தறியில் அந்த வேலையை உருளை செய்கிறது, துளை தொடர்ச்சியாக ஓடும். இன்னொன்று, கைத்தறியில் ஊடை (குறுக்கு இழை) அடிக்கும் வேகம் கைக்குத் தகுந்தபடி மாறுவதால் நீளவாட்டில் கட்டங்கள் துளி முன்னே பின்னே இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்து காட்டலாம். வரிசையாகப் பத்துக் கட்டம் அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அதைக் குறையாக எழுதிவிடாதீர்கள்.

ஒரு லுங்கியை மூட்டியும் காட்டுங்கள். தைப்பதற்கு முன் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையில் பருத்தி சுருங்கும், தையல் நூல் பாலியெஸ்டர் என்பதால் சுருங்காது, மூட்டு வரிசை முழுக்கச் சுருக்கம் விழுந்து கோணிக்கொள்ளும். முதல் தடவை தனியாக நனையுங்கள், அடர் நிறத்தில் மிச்சச் சாயம் இறங்கும். ஊறியபின் இரண்டு முனையிலும் ஒரே நிறக் கோட்டைத் தேடி, அந்தக் கோட்டின் நடுவில் மடித்து, கோட்டின்மேல் கோடு உட்கார வைத்துத் தையுங்கள். நல்ல தையற்காரர் மூட்டினால் மூட்டு இருக்கும் இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கட்டும்போது அந்த மூட்டு பின்பக்கம் போக வேண்டும்.

பொம்மைக்கு இடுப்பு வழுவழுப்பு, வயிறும் கிடையாது. லுங்கி நிற்காது. முதலில் இடுப்பில் பருத்தி நாடாவை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதன்மேல் லுங்கியை மடித்து மூன்று உருட்டு உருட்டுங்கள். ஒரு உருட்டோடு விட்டால் மதியத்துக்குள் இறங்கிவிடும்.

ஆரணி வீதி பதில்:

மேலே சொன்னது முழுக்கச் சரி. பெண் பொம்மைக்கு வருகிறேன். காஞ்சிபுரத்தை எடுத்துவிட்டு ஆரணிப் பட்டு வையுங்கள். ஆரணி இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தாலும் 1989 வரை வட ஆற்காடுதான். ஆரணிப் பட்டுக்குத் தனியாகப் புவிசார் குறியீடு இருக்கிறது.

உங்கள் பட்ஜெட்டில் புதிதாக வாங்க நினைக்காதீர்கள். கட்டின சேலையை இரவல் வாங்குங்கள், பொம்மைக்குக் கட்டின மடிப்பு விழுந்த சேலையே நல்லது. இரண்டு ஊர்ச் சேலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசிப் புரியவைப்பது கஷ்டம். மேசையில் ஒரு சமையலறைத் தராசு வைத்து, ஆரணிச் சேலை ஒன்றும் காஞ்சிபுரம் முகூர்த்தச் சேலை ஒன்றும் பக்கத்தில் வையுங்கள். பார்க்கிறவர்களே தூக்கி வைத்துப் பார்க்கட்டும். ஆரணி பொதுவாக எடை குறைவு, சரிகையும் அளவாக இருக்கும். நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறலாம், பிள்ளையைத் தூக்கலாம். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அந்தச் சேலைக்குத் தேவை வந்ததே அதனால்தான்.

காஞ்சிபுரத்தின் கோர்வையைப் பின்பக்கம் திருப்பிக் காட்டுங்கள். உடலுக்கு ஒரு நாடா (ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் தறிக் கருவி), கரைகளுக்குத் தனி நாடா என்று ஓட்டி, சேருமிடத்தில் இழையை இழையோடு கோத்திருப்பார்கள். கரை சேரும் கோட்டில் ரம்பப் பல் மாதிரி தெரியும். பூதக்கண்ணாடி ஒன்று 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிக் கயிற்றில் கட்டி வையுங்கள்.

இரவல் சேலை சுத்தப் பட்டுதானா என்று சந்தேகம் வந்தால் முந்தானைக் குஞ்சத்தில் இரண்டு இழை மட்டும் எடுத்து, சேலைக்கு ஐந்தடி தள்ளி வந்து கொளுத்துங்கள். பட்டு முடி கருகுகிற வாசனை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். சரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் சரிகை. வெள்ளை நூல் தெரிந்தால் பெரும்பாலும் போலி. இதைச் சேலைக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

குண்டூசி குத்தவே குத்தாதீர்கள். சரிகையில் குத்தின இடத்தில் இழை அறுந்து மூன்றாம் நாள் கம்பி மாதிரி வெளியே நீட்டும். எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே உள்பாவாடை நாடாவில் செருகுங்கள். தோளில் மட்டும் ஒரு சேஃப்டி பின், அதுவும் பஞ்சுத் துண்டு வைத்து ரவிக்கையோடு சேர்த்து. ஹாலோஜன் விளக்கை மூன்றடிக்குள் வைக்காதீர்கள், அரக்குச் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும்.

விஷாரம்வாசி பதில்:

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் இல்லாமல் வட ஆற்காட்டு உடை முழுமையாகாது. ஆனால் "முஸ்லிம் உடை" என்று ஒரு பொம்மைக்குப் பலகை மாட்டிவிட வேண்டாம். இங்கே தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு, உருது பேசும் குடும்பங்களும் உண்டு. கல்யாண மாப்பிள்ளை ஷெர்வானி போடுகிற வீடும் இருக்கிறது, வெள்ளை வேட்டி சட்டையில் நிக்காஹ் நடக்கிற வீடும் இருக்கிறது. பெண்களுக்கு இன்றைக்குக் கறுப்பு புர்கா என்றுதான் எல்லோர் கண்ணிலும் பதிந்திருக்கிறது. சேலைமேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய தலைமுறையும் தமிழ் முஸ்லிம்களிடம் உண்டு. பொம்மை ஒன்றுதான் கிடைக்கும் என்றால் அந்த வெள்ளைத் துப்பட்டியைக் காட்டுங்கள். நெற்றி வரை இழுத்து, இரண்டு முனையும் முன்னால் விழும்படி போர்த்த வேண்டும். பாலியெஸ்டர் ஜார்ஜெட் வேண்டாம், மெல்லிய பருத்தி மல் துணியாகப் பாருங்கள்.

லுங்கி கட்டும் பக்கம் பற்றி ஒன்று. வேட்டியோ கைலியோ, மேல் மடிப்பை இடப்பக்கம் கொண்டுபோய்ச் செருகுவது முஸ்லிம்களிடமும், வலப்பக்கம் செருகுவது மற்றவர்களிடமும் பழைய வழக்கம். தெருமுனையில் வருகிறவரைத் தூரத்திலேயே இதை வைத்து ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இன்றைய பையன்கள் கைக்கு வந்த பக்கம் கட்டுகிறார்கள், அதனால் "வழக்கம்" என்றே எழுதுங்கள், "விதி" என்று எழுதாதீர்கள்.

இதில் எல்லோரும் செய்கிற தப்பு என்ன தெரியுமா? பொம்மைக்கு எதிரே நின்று கட்டுகிறோம். நம் இடக்கை பொம்மையின் வலப்பக்கம். இடம் என்று நினைத்துக் கட்டிவிட்டு விலகிப் பார்த்தால் மாறியிருக்கும். பொம்மைக்குப் பின்னால் போய் நின்று, உங்கள் இடுப்பில் கட்டுகிற மாதிரி அதன் இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்துக் கட்டுங்கள். அப்போது பக்கம் மாறாது.

கோட்டை அகழி பதில்:

அந்த மாணவி கேட்டது அருமையான கேள்வி. வேலூரில் உடையையும் அடையாளத்தையும் பற்றிப் பேசிவிட்டு 1806ஐ விட்டுவிட முடியாது. ஆனால் சிப்பாய் பொம்மை செய்யக் கிளம்பினால் பெரும்பாலும் தப்பாகத்தான் வரும். பள்ளி நாடகங்களில் காக்கிச் சட்டை மாட்டிவிடுகிறார்கள். காக்கி பிரிட்டிஷ் இந்தியப் படையில் நுழைந்ததே 1840களின் பிற்பகுதியில், அதுவும் வடமேற்கு எல்லையில். 1806இல் சென்னைப் படையின் சிப்பாய் போட்டது சிவப்புக் கோட்டு.

என் யோசனை, சிப்பாய்க்குப் பொம்மை வேண்டாம், ஒரு மேசை போதும். மேசையை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் படையினரிடமிருந்து பறிக்கப்பட்டவை: திருநீற்றுச் சம்புடம், நாமக்கட்டி, ஒரு ஜோடிக் கடுக்கன், தாடிக்கு ஓர் அடையாளமாக மரச்சீப்பு. மறுபக்கம் திணிக்கப்பட்டவை: சவரக் கத்தி, தோல் பட்டை. அவ்வளவுதான். நான்கு வரி விளக்கம் போதும்.

விளக்கத்தில் தேதி சரியாக இருக்கட்டும். 1805 நவம்பரில் புதுத் தலைப்பாகைக்கு உத்தரவு. வெள்ளைக்காரர்களின் தொப்பி போன்ற வட்ட வடிவம், அதில் தோலால் செய்த பட்டை. 1806 மார்ச்சில் வந்த விதியில், சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி இடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, தாடையை மழித்திருக்க வேண்டும், மீசை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். படைத்தளபதி ஜான் கிரடாக், ஆளுநர் வில்லியம் பெண்டிங்க். மே மாதம் வேலூரிலேயே ஒரு படைப்பிரிவு அந்தத் தலைப்பாகையை வைக்க மறுத்தது, மறுத்தவர்களில் சிலருக்குக் கசையடி. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் புரட்சி. அன்று காலையே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார், நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு அந்த உடை விதிகளைத் திரும்பப் பெற்றார்கள். கிரடாக், பெண்டிங்க் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள், படையினரின் மற்றக் குறைகள் எல்லாம் புரட்சிக்குக் காரணத்தில் சேரும். உடை மட்டுமே காரணம் என்று எழுதினால் தமிழ்த்துறையிலும் வரலாற்றுத்துறையிலும் உங்களைப் பிடித்துக்கொள்வார்கள்.

தோல் ஏன் அத்தனை பெரிய விஷயமானது என்பதைப் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும். மாட்டுத் தோலாக இருந்தால் இந்துவுக்கு ஆகாது, பன்றித் தோலாக இருந்தால் முஸ்லிமுக்கு ஆகாது. எந்தத் தோல் என்று தெரியாத ஒரு பட்டையைத் தலையில் வை என்றால் இருவருக்கும் ஒரே நேரத்தில் அடி விழுகிறது. தொப்பி என்றாலே கிறிஸ்தவராக்கப் போகிறார்கள் என்ற பயம் வேறு. தலைப்பாகையின் மற்ற இடத்தில் கைவைத்திருந்தால் முணுமுணுப்போடு போயிருக்கலாம்.

மேசைக்குத் தோல் வாங்க ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கம் செருப்புத் தோல் துண்டு கிலோ கணக்கில் கிடைக்கும். குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலாக வேண்டாம், 1806இல் அது கிடையாது, வெட்டு முனையில் நீலச் சாம்பல் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டையில் பதனிட்ட, வெளிர்பழுப்புத் தோல் என்று கேளுங்கள். ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளம் போதும்.

பக்கத்தில் ஒரு தெர்மோகோல் தலையில் நம்மூர்த் தலைப்பாகை கட்டி வையுங்கள். ஐந்து மீட்டர் பருத்தி மல், அகலம் ஒரு மீட்டர். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவும். ஒரு தடவை அலசி, அரை ஈரத்தில் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து லேசாக முறுக்குங்கள். பிடரியில் ஒரு முழம் விட்டுத் தொடங்கி, நெற்றியில் ஒரு சுற்று வலப்பக்கம் ஏற்றமாக, அடுத்தது இடப்பக்கம் ஏற்றமாக மாற்றி மாற்றிக் கொண்டு போங்கள். ஒவ்வொரு சுற்றும் முன் சுற்றுக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும். எல்லாச் சுற்றும் ஒரே உயரத்தில் போனால் சும்மாடு மாதிரி ஆகிவிடும்.

சுவரில் இடமிருந்தால் 2014ஐயும் சேர்க்கலாம். அந்த ஆண்டு ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த விழாவுக்கு வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டியையோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையையோ காரணம் காட்டிப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். இரண்டு தேதிக்கும் இடையில் 208 வருஷம்.

பாலாற்றங்கரை:

மிக்க நன்றி. தராசும் மேசையும் முடிவாகிவிட்டது. பின்கொசுவம் மட்டும் பாக்கி. கிடைத்திருப்பது ஆறு கெஜம் சுங்குடி ஒன்று, பழைய எட்டு கெஜம் பருத்திச் சேலை ஒன்று. எதைக் கட்டுவது?

கொசுவம் பதில்:

எட்டு கெஜத்தை எடுங்க. அது 7.3 மீட்டர் வரும். ஆறு கெஜம்னா 5.5 மீட்டர்தான், அதுல பின்கொசுவம் வெச்சா முந்தானை இடுப்பைச் சுத்தி வராது. சுங்குடி மதுரைப் பக்கத்துச் சேலை, அதை இந்த அறையில வைக்கவே வேணாம்.

பொம்மையைத் திருப்பி அதோட முதுகு உங்களைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்க. இடுப்பில் நாடாக் கயிறு இறுக்கமா கட்டிக்கோங்க. சேலையோட உள்முனையில இருந்து சுமார் ஒண்ணேகால் மீட்டரை நாலு விரல் அகலத்துக்குக் கொசுவமா மடிங்க, ஆறு மடிப்பு வரும். அதை நடுமுதுகில் வெச்சு, கொசுவத்தோட மேல்முனை கயிறுக்கு மேல ஒரு சாண் நீட்டிக்கிட்டு இருக்கணும். இந்த ஒரு சாணை விட்டுடாதீங்க. அதான் கடைசியில விசிறி. கொசுவத்தைக் கயிறுக்குள்ள செருகிட்டு, மிச்சச் சேலையைப் பொம்மையோட வலப்பக்கமா முன்னால கொண்டு போய், வயித்தைச் சுத்தி இடப்பக்கமா பின்னால கொண்டு வந்து, கொசுவத்தின் மேலேயே ஒரு சுத்து அழுத்துங்க. இந்தச் சுத்துதான் கொசுவத்தைப் பிடிக்குது, கயிறு இல்லை. இது தளர்ந்தா எல்லாம் சரிஞ்சிடும்.

இப்ப மேல நீட்டியிருக்கிற ஒரு சாணை அந்தச் சுத்தின் மேல வெளிப்பக்கமா மடிச்சுக் கவிழ்த்து விடுங்க. மடிப்பு விரிஞ்சு விசிறி மாதிரி நிக்கும். பருத்தின்னா தானா நிக்கும், பட்டும் சிந்தெட்டிக்கும் தொங்கிடும். நிக்கலைன்னா விசிறி வர இடத்துல மட்டும் சாதம் வடிச்ச கஞ்சி ஒரு டம்ளருக்கு மூணு டம்ளர் தண்ணி கலந்து தொட்டுத் தடவி, காய்ஞ்சதும் மடிங்க.

மிச்சம் இருக்கிறதை வலப்பக்கமா திரும்ப முன்னால கொண்டு போய், வலது இடுப்புல இருந்து மார்பைக் குறுக்கா மூடி இடத்தோள் மேல போடுங்க. முந்தானை முதுகில் இறங்கும். அதை வலது அக்குளுக்குக் கீழ முன்னால இழுத்து இடுப்பில் செருகிடணும். வயல்ல குனிஞ்சு நிமிர்ற பெண்ணுக்கு முந்தானை காத்துல பறந்தா வேலை ஆகாது, அதுக்குத்தான் இந்தச் செருகல். அதைத் தொங்க விட்டா பின்கொசுவம் கட்டினதுக்கே அர்த்தமில்லை.

கீழ்ப்பக்கம் கணுக்காலுக்கு நாலு விரல் மேல நிக்கட்டும். தரையைத் தொட விடாதீங்க.

அப்புறம் பொம்மையை எப்படி நிறுத்தப் போறீங்க? எல்லாரும் முகம் பார்க்க நிறுத்துவாங்க. இதுக்கு முதுகு வாசல் பக்கம் இருக்கணும், இல்லைன்னா கொசுவத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. சுவரை விட்டு மூணடி தள்ளி வெச்சா சுத்தி வந்து முன்பக்கமும் பார்க்கலாம்.